கணினி விளையாட்டுகளில் தரவுக் கோப்புகளைப் பகுத்துப் படித்தல்

கணினி விளையாட்டுகளில் தரவுக் கோப்புகளைப் பகுத்துப் படித்தல் என்பது, நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் எழுதிவைக்கப்பட்டுள்ள கட்டங்கள், கேள்விகள், பாத்திரங்கள், விலைகள், புள்ளிகள் முதலிய தகவல்களை நிரல் திறந்து, அவற்றின் அமைப்பை அறிந்து, விளையாட்டில் பயன்படும் பொருள்களாக மாற்றிக்கொள்ளும் செயல் ஆகும். இவ்வேலையைச் செய்யும் நிரற்பகுதி பகுப்பி எனப்படும்.

பகுப்பியின் வேலை எளிதாகத் தோன்றினாலும், விளையாட்டுகளில் ஏற்படும் பிழைகளில் பல இங்குதான் பிறக்கின்றன. அப்பிழைகள் இரு வகைப்படும். முதல் வகையில், பகுப்பி "இந்த வரி எனக்குப் புரியவில்லை" என்று அறிவித்து நின்றுவிடும். இரண்டாம் வகையில், கோப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு எந்த எச்சரிக்கையும் இன்றித் தொடர்ந்து ஓடும். முதல் வகைப் பிழையை எழுதியவரே சில நிமிடங்களில் திருத்திவிடலாம். இரண்டாம் வகைப் பிழையோ விளையாடுபவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. கல்வி விளையாட்டு ஒன்றில் அதன் விளைவு, சரியான விடை எழுதிய மாணவருக்குத் திரை "தவறு" என்று காட்டுவதாகும். ஆகவே இரண்டாம் வகைப் பிழைகளை இயன்றவரை முதல் வகையாக மாற்றுவதே நல்ல பகுப்பியின் இலக்கணம்.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுக்காக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தையும் அங்குள்ள தோல் தொழிலையும் பற்றிய ஒரு வினாடி வினா விளையாட்டு கற்பனையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. விளையாட்டு கற்பனை என்றாலும், அதில் வரும் ஊர்களும் குறியீடுகளும் ஆண்டுகளும் உண்மையானவை.

தரவையும் நிரலையும் பிரித்து வைப்பதன் தேவை

2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மாவட்டங்கள் உருவாயின. அதுவரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தன. குடியாத்தமும் பேர்ணாம்பட்டும் வேலூர் மாவட்டத்திலேயே நீடித்தன.

"ஆம்பூர் எந்த மாவட்டத்தில் உள்ளது?" என்ற கேள்வியும் அதன் விடையும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு விடையை மாற்ற நிரலாளர் வேண்டும், நிரலை மீண்டும் தொகுத்து, மீண்டும் வெளியிடவும் வேண்டும். கேள்விகள் தனிக் கோப்பில் இருந்தால் ஓர் ஆசிரியரே கோப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்றிவிடலாம். நிரல் அறியாத பாட வல்லுநர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரும் விளையாட்டு உருவாக்கத்தில் பங்கு கொள்ள இந்தப் பிரிவினை வழி செய்கிறது. பெரிய விளையாட்டு நிறுவனங்கள் கட்டங்கள், ஆயுதங்கள், உரையாடல்கள் ஆகியவற்றைத் தனிக் கோப்புகளில் வைப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கோப்பை எழுதுபவர் ஒருவர், அதைப் படிக்கும் நிரலை எழுதியவர் வேறொருவர். இருவருக்கும் இடையே தெளிவான உடன்பாடு தேவை. அந்த உடன்பாடே கோப்பு வடிவம் எனப்படுகிறது.

பயன்பாட்டில் உள்ள கோப்பு வடிவங்கள்

சிஎஸ்வி: ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. புலங்கள் காற்புள்ளியால் பிரிக்கப்படும். எக்செல் போன்ற விரிதாள்களில் எளிதில் உருவாக்கலாம். நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருந்தாலும், 2005இல்தான் ஆர்எப்சி 4180 என்ற ஆவணம் இதன் பொது வழக்கத்தை எழுதிவைத்தது.

ஊர்,மாவட்டம்,தொலைபேசிக் குறியீடு
வேலூர்,வேலூர்,0416
ஆம்பூர்,திருப்பத்தூர்,04174
இராணிப்பேட்டை,இராணிப்பேட்டை,04172

ஐஎன்ஐ: "பெயர் = மதிப்பு" என்ற வகையில் அமையும் எளிய வரிகள். ஒலி அளவு, திரை அளவு போன்ற அமைப்புகளைச் சேமிக்கப் பயன்படும்.

எக்ஸ்எம்எல்: திறக்கும் ஒட்டு, மூடும் ஒட்டு என்ற அமைப்பு உடையது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998இல் இதைப் பரிந்துரையாக வெளியிட்டது. டைல்டு என்னும் வரைபடத் தொகுப்பி, விளையாட்டுக் கட்டங்களை இவ்வடிவிலும் ஜேசான் வடிவிலும் சேமிக்கும்.

யாம்ல்: வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியைக் கொண்டு அமைப்பைக் காட்டும் வடிவம். யூனிட்டி என்னும் விளையாட்டுப் பொறி தன் காட்சிக் கோப்புகளை உரையாகச் சேமிக்கும்போது இதன் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறது.

ஜேசான்: டக்ளஸ் கிராக்ஃபோர்டு வரையறுத்துப் பரப்பிய வடிவம். 2013இல் எக்மா-404 என்னும் தரமாக வெளியானது. சரம், எண், பட்டியல், பெயர்–மதிப்புத் தொகுப்பு, மெய்/பொய், வெறுமை ஆகிய சில வகைகளே இதில் உண்டு. இந்த எளிமையால் இன்று விளையாட்டுகளில் மிகப் பரவலாக உள்ளது.

{
  "ஊர்": "ஆம்பூர்",
  "மாவட்டம்": "திருப்பத்தூர்",
  "தொலைபேசிக் குறியீடு": "04174",
  "நிலைகள்": ["ஊறவைத்தல்", "சுண்ணாம்பிடுதல்", "பதனிடுதல்", "சாயமேற்றுதல்"],
  "புள்ளிகள்": 10
}

இருமக் கோப்பு: மனிதர் படிக்க இயலாத, பைட்டுகளாக மட்டும் அமைந்த கோப்பு. 1993இல் வெளிவந்த டூம் விளையாட்டின் வாட் கோப்பு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் முதல் 12 பைட்டுகள் தலைப்பகுதி. அவற்றில் முதல் 4 பைட்டுகள் கோப்பின் வகையையும், அடுத்த 4 பைட்டுகள் உள்ளே எத்தனை உருப்படிகள் உள்ளன என்பதையும், கடைசி 4 பைட்டுகள் உருப்படி அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் 16 பைட்டு: இருக்கும் இடத்துக்கு 4, அளவுக்கு 4, பெயருக்கு 8. விளையாட்டின் நிரலைத் தொடாமலேயே ரசிகர்கள் புதிய கட்டங்களை உருவாக்கிப் பகிர இக்கோப்பு அமைப்பு உதவியது.

இருமக் கோப்பில் எண்கள் எழுதப்படும் வரிசையையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வாட் கோப்பில் சிறிய மதிப்புடைய பைட்டு முதலில் வரும். எனவே 300 என்னும் எண் 44, 1, 0, 0 என்று எழுதப்படும் (256 + 44 = 300). வரிசையை மாற்றிப் படித்தால் கோடிக்கணக்கில் ஒரு பொருளற்ற எண் கிடைக்கும்.

பகுப்பி இயங்கும் முறை

ஒரு வாக்கியத்தைப் படிக்கும் மாணவர் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கி, சொற்களைக் கூட்டித் தொடராக்கி, அதன்பின் பொருள் கொள்கிறார். பகுப்பியும் ஏறக்குறைய இப்படியே படிப்படியாக இயங்குகிறது.

1. பைட்டுகளை எழுத்துகளாக்குதல்: வட்டில் இருப்பவை பைட்டுகளே. எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டன என்பதை அறிந்தால்தான் அவை எழுத்துகளாகும்.

2. எழுத்துகளைச் சொல்லலகுகளாக்குதல்: "புள்ளிகள்": 10 என்ற பகுதி, ஒரு சரம், ஒரு முக்காற்புள்ளி, ஓர் எண் என மூன்று அலகுகளாகப் பிரியும்.

3. அலகுகளை அமைப்பாக்குதல்: எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு, எந்தப் பட்டியலுக்குள் எந்த உருப்படி என்பது ஒரு மரம் போன்ற அமைப்பாக உருவாகும். அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

4. பொருள் சரிபார்த்தல்: "புள்ளிகள்" என்பதற்கு உரிய மதிப்பு எண்தானா, அது எதிர்மறையாக இல்லையா, தேவையான புலங்கள் அனைத்தும் உள்ளனவா என்று பார்த்தல்.

5. விளையாட்டுப் பொருளாக்குதல்: சரிபார்த்த தரவிலிருந்து கேள்வி, கட்டம், பாத்திரம் ஆகியவற்றை உருவாக்குதல்.

முதல் மூன்று படிகளையும் பெரும்பாலான நிரல்மொழிகளின் ஆயத்த நூலகங்களே செய்துவிடுகின்றன. ஐந்தாவது படி இல்லாமல் விளையாட்டே இல்லை. இடையில் உள்ள நான்காவது படியே பெரும்பாலும் விடுபடுகிறது. கோப்பு இலக்கணப்படி சரியாக இருப்பது வேறு, பொருள்படி சரியாக இருப்பது வேறு. "புள்ளிகள்": -10 என்பது ஜேசான் இலக்கணப்படி பிழையற்றது, ஆனால் சரியான விடை சொன்ன மாணவரின் புள்ளிகளைக் குறைத்துவிடும்.

எண்ணா, சரமா?

வேலூரின் தொலைபேசிக் குறியீடு 0416. இலக்கங்களால் ஆனது என்றாலும் இது எண் அன்று. இதைக் கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. முதலில் உள்ள சுழியத்துக்கும் பொருள் உண்டு. இதே 0416, வெவ்வேறு பகுப்பிகளில் வெவ்வேறு விதமாக மாறுவதைக் காணலாம்.

- சிஎஸ்வி கோப்பை எக்செல் திறக்கும்போது வழக்கமான அமைப்பில் இது 416 ஆகிவிடும். அப்படியே சேமித்தால் சுழியம் கோப்பிலிருந்தே மறைந்துவிடும்.
- சி மொழி நிரலில் 0416 என்று எழுதினால், சுழியத்தில் தொடங்குவது எட்டடிமான எண் என்று கொள்ளப்பட்டு அதன் மதிப்பு 270 ஆகும்.
- யாம்ல் 1.1 பதிப்பின் விதிப்படியும் மேற்கோள் இல்லாத 0416 என்பது 270. ஆம்பூரின் 04174 என்பது 2172 ஆகும். ஆனால் திருப்பத்தூரின் 04179 என்பதில் 9 இருப்பதால் அது எட்டடிமான எண்ணாக இருக்க முடியாது. எனவே சரமாகவே நின்றுவிடும். ஒரே கோப்பில், ஒரே பத்தியில், ஓர் ஊருக்கு எண்ணும் இன்னோர் ஊருக்குச் சரமும் கிடைக்கும்.
- யாம்ல் 1.2 பதிப்பில் 0416 என்பது 416 எனப் படிக்கப்படும்.
- ஜேசானில் எண்கள் தேவையற்ற சுழியத்தில் தொடங்கக் கூடாது. ஆகவே மேற்கோள் இன்றி எழுதினால் பகுப்பி பிழை என்று அறிவித்து நின்றுவிடும்.

இவ்வைந்திலும் ஜேசானின் நடத்தையே பாதுகாப்பானது, ஏனெனில் பிழை உடனே வெளிப்படுகிறது. கணக்கிடப் பயன்படாத தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, பதிவெண் முதலியவற்றை எப்போதும் மேற்கோளுக்குள் சரமாக எழுத வேண்டும் என்பது பொது விதி.

பதின்மப் புள்ளியும் காற்புள்ளியும்

ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலைகள் ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றன. காலணி அளவுகளில் ஏழரை போன்ற அரை அளவுகள் உண்டு. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இது 7.5 என எழுதப்படும். ஜெர்மனியில் 7,5 என எழுதுவர். அங்கே புள்ளி என்பது ஆயிரங்களைப் பிரிக்கும் குறி.

இவ்வேறுபாடு விளையாட்டு நிரல்களில் உண்மையான சிக்கலை ஏற்படுத்துகிறது. சி ஷார்ப் மொழியில் எண்ணைப் படிக்கும் வழக்கமான செயற்கூறு, பயனரின் கணினியில் உள்ள மொழி அமைப்பைப் பின்பற்றும். ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் "7.5" என்பதை அது 75 என்று படிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, வேகம் 7.5 ஆக இருக்க வேண்டிய பாத்திரம் பத்து மடங்கு வேகத்தில் ஓடும். எழுதியவரின் கணினியில் எல்லாம் சரியாக இருக்கும். தரவுக் கோப்பைப் படிக்கும்போது நாட்டுக்கு நாடு மாறாத பொது அமைப்பைப் பயன்படுத்துமாறு நிரலில் வெளிப்படையாகச் சொல்வதே இதற்குத் தீர்வு.

சிஎஸ்வியில் காற்புள்ளி இன்னொரு தொல்லை தரும். 1,00,000 என்று நம் வழக்கப்படி எழுதினால் அது மூன்று புலங்களாகப் பிரிந்துவிடும். அத்தகைய மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். அல்லது பிரிப்புக் குறி இல்லாமல் 100000 என்றே எழுத வேண்டும். காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வரியை வெட்டும் நிரல், மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியையும் வெட்டிவிடும். சிஎஸ்விக்கும் முறையான நூலகத்தையே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இது காரணம்.

நாள்கள்

வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த நாள் 1806 ஜூலை 10. நம் வழக்கப்படி 10/07/1806 என்று கோப்பில் எழுதினால், அமெரிக்க முறையில் படிக்கும் நிரல் அதை அக்டோபர் 7 என்று கொள்ளும். நாள் 12ஐத் தாண்டியிருந்தால் மாதமாக இருக்க முடியாது என்பதால் பிழை வெளிப்படும். 12க்குள் இருந்தால் வெளிப்படாது. எக்செல்லின் நாட்காட்டிக் கணக்கோ 1900இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள்களை அது வெறும் உரையாகவே வைத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ 8601 தரப்படி 1806-07-10 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் குழப்பம் இல்லை.

தமிழ் எழுத்துகளைப் படித்தல்

தமிழ் விளையாட்டுகளுக்கே உரிய சிக்கல்கள் இப்பகுதியில் அடங்கும்.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 2944 முதல் 3071 வரை உள்ளவை. இவ்விடங்களில் உள்ள ஒவ்வொரு குறியும் யூடிஎப்-8 குறிமுறையில் 3 பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் ஒரே குறியாக இல்லாமல், மெய்யடி, உயிர்க்குறி என இரண்டாகச் சேமிக்கப்படும். இதனால் ஒரு சொல்லின் நீளத்துக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன.

- "ஆம்பூர்" என்பதில் மாணவர் எண்ணும் எழுத்துகள் 4: ஆ, ம், பூ, ர்.
- ஒருங்குறிக் குறிகள் 7.
- பைட்டுகள் 21.

எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் 4 கட்டங்கள் வரைய வேண்டும். நிரல்மொழியின் வழக்கமான நீளச் செயற்கூற்றை நம்பினால் 7 கட்டங்களோ 21 கட்டங்களோ தோன்றும். தமிழ் எழுத்துகளை முறையாகப் பிரித்துத் தரும் செயற்கூறுகள் பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நூலகத்தில் உள்ளன. டூம் போல, பெயருக்கு 8 பைட்டு மட்டும் ஒதுக்கிய கோப்பு அமைப்பில் இரண்டு தமிழ்க் குறிகளுக்கு மேல் இடம் இராது. 12 பைட்டு தேவைப்படும் "தோல்" என்ற சிறு சொல்கூட அதில் அடங்காது.

"தோல்" என்னும் அச்சொல்லிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் (எண் 3019) சேமிக்கலாம். ஏகாரக் குறி (3015), கால் (3006) என இரண்டாகவும் சேமிக்கலாம். முதல் முறையில் சொல் 4 குறிகள், 12 பைட்டுகள். இரண்டாம் முறையில் 5 குறிகள், 15 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கோப்பில் ஒரு முறையிலும், மாணவரின் விசைப்பலகை மற்றொரு முறையிலும் எழுதினால், பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் நிரல் இரண்டும் வேறு என்று முடிவு செய்யும். மாணவர் தாம் எழுதியதை எத்தனை முறை பார்த்தாலும் அதில் பிழை காண முடியாது. ஏனெனில் பிழை அவருடையது அன்று.

இதற்காகவே ஒருங்குறித் தரத்தில் இயல்பாக்கம் என்னும் முறை வகுக்கப்பட்டுள்ளது. கோப்பிலிருந்து வரும் விடையையும் மாணவர் எழுதிய விடையையும் ஒரே இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிட வேண்டும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் முதலிய மொழிகளில் இதற்கு ஆயத்தச் செயற்கூறுகள் உண்டு.

இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. "கௌ" போன்ற எழுத்துகளில் வரும் ஔகாரக் குறியின் வலப் பகுதி, "ள" எழுத்தைப் போலவே தோன்றும். சிலர் எகரக் குறியையும் "ள" எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்வர். ஒருங்குறிப்படி இது வேறு எழுத்துத் தொடர். இயல்பாக்கத்தால் ஔகாரமாக மாறாது. சொல்லின் முடிவில் தெரியாமல் விழும் வெற்றிடமும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் இப்படியே ஏமாற்றும். கோப்பைப் படிக்கும்போதே இவற்றைக் கண்டறிந்து வரி எண்ணுடன் எச்சரிக்க வேண்டும்.

எழுத்து வழக்கிலேயே வேறுபாடு இருக்கும் சொற்களுக்குத் தரவுக் கோப்பில்தான் இடம் தர வேண்டும். இராணிப்பேட்டை என்றும் ராணிப்பேட்டை என்றும் எழுதுவது நடைமுறையில் உண்டு. ஆகவே விடையை ஒரே சொல்லாக வைக்காமல் பட்டியலாக வைக்கலாம்:

"விடைகள்": ["இராணிப்பேட்டை", "ராணிப்பேட்டை"]

குறிமுறையும் கோப்பின் தொடக்கமும்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கொண்டு தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு மாறினால் பொருளற்ற எழுத்துகள் தோன்றும். இத்தகைய கோப்பை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

எக்செல்லில் தமிழ் அட்டவணையைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பின்னர் மீட்க இயலாது. "சிஎஸ்வி யூடிஎப்-8" என்ற தெரிவைப் பயன்படுத்த வேண்டும். அவ்வாறு சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகள் அடையாளமாகச் சேரும். இதை எதிர்பாராத பகுப்பி, முதல் பத்தியின் தலைப்பான "ஊர்" என்பதன் முன் இவற்றை ஒட்டிவைத்துக்கொள்ளும். அப்போது "ஊர்" என்ற பத்தியே இல்லை என்று நிரல் சொல்லும். கோப்பைத் திறந்து பார்த்தால் பத்தி அங்கேயே இருக்கும். பல ஜேசான் பகுப்பிகளும் இந்த அடையாளத்தைக் கண்டவுடன் பிழை காட்டி நிற்கும்.

சொற்செயலியில் எழுதிய ஜேசானில் நேரான மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் விழுவதும், பட்டியலின் கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி நிற்பதும் தொடக்க நிலையினர் அடிக்கடி செய்யும் தவறுகள். இரண்டையும் ஜேசான் ஏற்காது. இக்கோப்புகளை எளிய உரைத் தொகுப்பியில் எழுதுவதே நல்லது.

ஓர் எழுத்துப் பிழையின் விளைவு

2013இல் வெளியான ஏலியன்ஸ்: கலோனியல் மெரீன்ஸ் என்னும் விளையாட்டில் எதிரிகள் மந்தமாகவும் அறிவற்றும் நடந்துகொள்வதாகப் பலரும் குறை கூறினர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதன் ஐஎன்ஐ கோப்பு ஒன்றில் "டெதர்" என்று இருக்க வேண்டிய ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பது கண்டறியப்பட்டது. 2018இல் இச்செய்தி பரவலாகப் பேசப்பட்டது. அந்த ஓர் எழுத்தை நீக்கியபின் எதிரிகளின் நடத்தை மேம்பட்டதாக விளையாடியவர்கள் தெரிவித்தனர்.

அறியாத பெயரைக் கண்டபோது நிரல் அதைச் சொல்லாமல் கடந்துபோனதே இங்கு நிகழ்ந்தது. இதைத் தவிர்க்க, ஏற்கத்தக்க பெயர்களின் பட்டியலை நிரலில் வைத்து, அதில் இல்லாத பெயர் வந்தால் கோப்பின் பெயர், வரி எண் ஆகியவற்றுடன் அறிவிக்கச் செய்ய வேண்டும். "மாவட்டம்" என்பதற்குப் பதில் "மாவட்டட்ம்" என்று ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்துவிட்டால், அவருக்கு உதவுவது அந்த வரி எண்தான்.

வேகம்

கோப்பைச் சரியாகப் படித்தாலும் மெதுவாகப் படித்தால் பயனில்லை. 2021 பிப்ரவரி இறுதியில், ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு தொடங்கப் பல நிமிடங்கள் ஆவதன் காரணத்தை, நிறுவனத்தைச் சாராத நிரலாளர் ஒருவர் ஆராய்ந்து வெளியிட்டார். விளையாட்டில் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியலான ஏறத்தாழ 10 மெகாபைட்டு ஜேசான் கோப்பில் சுமார் 63,000 உருப்படிகள் இருந்தன. அதைப் படிப்பதில் இரு குறைகள் காணப்பட்டன.

முதலாவது, ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் பயன்படுத்திய செயற்கூறு, மீதமுள்ள கோப்பு முழுவதின் நீளத்தையும் புதிதாக அளந்தது. கிடங்கில் அடுக்கியுள்ள தோல்களில் ஒவ்வொன்றாக எடுக்கும்போதும், மீதி அடுக்கு முழுவதையும் முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, ஒவ்வோர் உருப்படியையும் சேர்க்கும் முன் அது ஏற்கெனவே உள்ளதா என்று அதுவரை சேர்த்த எல்லாவற்றுடனும் ஒப்பிட்டது. 63,000 உருப்படிகளுக்கு இது ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள் ஆகும். அடையாள எண்ணைக் கொண்டு நேரடியாகத் தேடும் அகராதி அமைப்பைப் பயன்படுத்தினால் உருப்படிக்கு ஒரு தேடல் போதும்.

இவ்விரண்டையும் திருத்தியபோது அவருடைய கணினியில் ஆறு நிமிடமாக இருந்த தொடக்க நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே குறைந்தது. அடுத்த மாதமே ராக்ஸ்டார் நிறுவனம் இத்திருத்தத்தை ஏற்று வெளியிட்டதுடன், அவருக்கு 10,000 டாலர் பரிசும் வழங்கியது. சிறிய கோப்புடன் சோதிக்கும்போது இத்தகைய குறைகள் தெரிவதில்லை. உருப்படிகள் பெருகும்போதுதான் வெளிப்படும்.

நொடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி மட்டுமே. ஆகவே கோப்பைக் கட்டம் தொடங்கும்போது ஒரு முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மீண்டும் படிக்கக் கூடாது.

பாதுகாப்பு

சில மொழிகளில் ஒரு சரத்தை நிரலாகவே இயக்கும் செயற்கூறுகள் உண்டு. கோப்பைப் பகுத்துப் படிப்பதற்குக் குறுக்குவழியாக இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இணையத்தில் பகிரப்பட்ட கட்டக் கோப்பு ஒன்றுக்குள் யாரேனும் தீய கட்டளையை எழுதியிருந்தால் அதுவும் இயங்கிவிடும். பைத்தானின் பிக்கிள் வடிவத்துக்கும் இது பொருந்தும். நம்பிக்கையற்ற இடத்திலிருந்து வரும் பிக்கிள் கோப்பைத் திறக்க வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஜேசான் பகுப்பி தரவை மட்டுமே படிக்கும், எதையும் இயக்காது. இருமக் கோப்புகளில், "உள்ளே இத்தனை உருப்படிகள் உள்ளன" என்று தலைப்பகுதி சொல்வதை நம்பும் முன் கோப்பின் உண்மையான அளவுடன் ஒப்பிட வேண்டும்.

மாணவர் செய்து பார்க்கத்தக்க சோதனைகள்

தாம் எழுதிய விளையாட்டின் பகுப்பி நம்பத்தக்கதா என்று அறிய, வேண்டுமென்றே பிழையான கோப்புகளை அதற்குக் கொடுத்துப் பார்ப்பது சிறந்த வழி.

- ஓர் அடைப்புக்குறியை நீக்கிய கோப்பு.
- ஒரு புலத்தின் பெயரில் எழுத்துப் பிழை உள்ள கோப்பு.
- "புள்ளிகள்" என்பதற்கு எண்ணுக்குப் பதில் "பத்து" என்ற சொல் உள்ள கோப்பு.
- 0416 என்ற குறியீட்டைப் படித்து, மீண்டும் எழுதியபின் சுழியம் மாறாமல் இருக்கிறதா என்ற சோதனை.
- "தோல்" என்ற சொல்லை இரு முறைகளிலும் சேமித்து, இரண்டும் சமம் என்று வருகிறதா என்ற சோதனை.
- தொடக்க அடையாளப் பைட்டுகள் உள்ள கோப்பும் இல்லாத கோப்பும்.
- கணினியின் மொழி அமைப்பை ஜெர்மனுக்கு மாற்றியபின் 7.5 சரியாகப் படிக்கப்படுகிறதா என்ற சோதனை.
- 10 கேள்விகள் உள்ள கோப்புக்கும் 10,000 கேள்விகள் உள்ள கோப்புக்கும் ஆகும் நேரத்தின் ஒப்பீடு.

முதல் மூன்று சோதனைகளில் நிரல் எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன பிழை என்று தமிழில் சொல்லி நின்றால் அது தேர்ச்சி பெற்றதாகக் கொள்ளலாம். கேள்விகளைத் தொகுக்கும் ஆசிரியர் நிரலாளரின் துணையின்றித் தாமே திருத்திக்கொள்ள அச்செய்தி போதுமானதாக இருக்க வேண்டும்.